பாராமைச் சான்று

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். பொதுத்திரை வாரியம் அந்தப் பழமொழியை நம்பித்தான் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தது. அதன் செயலியைப் போனில் இறக்கிக்கொண்டால் ஆயிரக்கணக்கான தொடர்களைக் காசில்லாமல் பார்க்கலாம். பார்க்கத்தான் ஆள் இல்லை. வாரியம் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. யாரும் பார்க்காத தொடரில் யாராலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாதல்லவா.

அந்த ஆயிரத்தில் 'நாலாம் நம்பர் மீட்டர்' என்று ஒரு தொடர். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ரூத். பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டை ஒட்டி அவளும் அவள் கணவன் பிராங்க்கும் ஒரு பேக்கரி வைத்திருக்கிறார்கள். பிராங்க் உள்ளே அடுப்போடு மல்லுக்கட்டுவான், ரூத் கல்லாவில் இருப்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவில் பேக்கரியில் ஈ ஓட்டும் நேரம் ஒன்று உண்டு. அதுதான் அவள் தொடர் பார்க்கும் நேரம்.

வாரத்துக்கு ஒன்றாக மொத்தம் ஐம்பது பாகம். கதை என்னவோ சின்னதுதான். மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் மாசிலாமணி என்று ஒருவர். அவர் போகிற தெருவில் வருஷக்கணக்காகப் பூட்டிக்கிடக்கும் ஒரு வீடு. ஆள் நடமாட்டம் கிடையாது, ஆனால் அந்த வீட்டின் மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே யார்? இவ்வளவுதான். ஒரு பாகம் முழுக்க மாசிலாமணி மாடிப்படி ஏறுவார், அடுத்த பாகம் முழுக்க இறங்குவார். மாமியார் சதி கிடையாது, பாயசத்தில் விஷம் கிடையாது. ரூத்துக்கு அது உயிராகிவிட்டது. அந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் அவளுக்கு ஒரு கேக்கைக்கூட நேராக வெட்ட வரவில்லை.

நாற்பதாவது பாகத்தில் மாசிலாமணி துணிந்து அந்தக் கதவைத் தட்டக் கையை ஓங்கினார். அதோடு பாகம் முடிந்தது. ரூத் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து செயலியைத் திறந்தால், மாசிலாமணிக்குப் பதிலாக ஓர் அறிவிப்பு நின்றுகொண்டிருந்தது. போதிய பரிந்துரை இல்லாததால் இத்தொடர் அடுத்த மாதக் கடைசியில் நீக்கப்படும், பரிந்துரைக்க விரும்புவோர் மண்டல அலுவலகத்தை நேரில் அணுகவும்.

"போன்ல பாக்கற படத்துக்கு எதுக்கு நேர்ல போகோணும்?" என்றான் பிராங்க்.

"இன்னும் பத்துப் பாகம் கெடக்குதுங்க. கதவத் தொறந்தாங்களா இல்லையான்னு தெரியாம நான் எப்பிடித் தூங்கறது?" என்று சொல்லிவிட்டு ரூத் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

மண்டல அலுவலகத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு டிவி இருந்தது. வாங்கியபோது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. முன்னால் இருந்த எழுத்தர் அன்புச்செல்வியிடம், "ஏனுங்க, டிவி ரிப்பேருங்களா?" என்று கேட்டாள் ரூத்.

"இல்லீங்க. போட்டா நாங்க ஏதாச்சும் பாத்துப்போடுவோம். பாத்தா நடுநிலை கெட்டுப்போயிருமுங்க" என்றாள் அன்புச்செல்வி.

மண்டல இயக்குநர் கோவிந்தராஜுலு நல்ல மனிதர். எழுந்து நின்று கும்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அதற்கப்புறம்தான் தலையில் கல்லைப் போட்டார்.

"பாருங்கம்மா, இதுக்குப் பேரு அறியப்படாத அருந்தொடர் பரிந்துரைத் திட்டம். ஒரு தொடரு அறியப்படாததுன்னு மொதல்ல நிரூபணம் ஆகோணுமுங்க. நீங்க பாத்துப்போட்டீங்க. அப்ப உங்களுக்கு அது அறியப்பட்ட தொடரு. உங்க பேச்சை நாங்க எப்படீங்க எடுத்துக்கறது? பாக்காத நூறு பேரு, பாக்கவே இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரோணும். அதைப் பாராமைச் சான்றுன்னு சொல்லுவோமுங்க."

"பாக்காதவங்க எப்படீங்க சார் பரிந்துரை பண்ணுவாங்க?"

"அங்கதானுங்க நேர்மையே இருக்குது. பாத்தவன் ஆசைப்பட்டுச் சொல்லுவான். பாக்காதவன் சொன்னா அதுல சுயநலம் இருக்காதில்லீங்களா? என்னையே எடுத்துக்கங்க. இந்த நாற்காலிக்கு வந்ததுல இருந்து ஒரு தொடருகூடப் பாத்ததில்லீங்க. அதனாலதான் எம்மேல இன்னைக்கு வரைக்கும் ஒரு புகாரு கெடையாது."

ரூத் சந்தோஷமாகவே திரும்பினாள். இந்த மண்டலத்திலேயே அந்தத் தொடரைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். பார்க்காத நூறு பேரைப் பிடிப்பதா கஷ்டம்? பேக்கரி வாசலில் நின்று கை தட்டினால் வருவார்களே.

தான் எந்த ஊரில் பிறந்தவள் என்பதைத்தான் அவள் மறந்துபோனாள். கொங்கு நாட்டில் ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாகப் போன வீட்டில் சாப்பிடச் சொன்னால், அப்போதுதான் வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தவர்கூட இலை முன்னால் உட்கார்ந்துவிடுவார். முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல அங்கே யாருக்கும் நாக்கு எழாது. ஒருத்தர் ஆசையாக வந்து பார்த்தீர்களா என்று கேட்டால், பார்க்கவில்லை என்பது அவர் மூஞ்சியில் கதவைச் சாத்துகிற மாதிரி.

முதலில் மாட்டியவர் சென்னிமலை. பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், பேக்கரிக்கு முட்டை போடுகிறவர்.

"ஏனுங்க சென்னிமலை, 'நாலாம் நம்பர் மீட்டர்'னு போன்ல ஒரு தொடரு வருது. நீங்க பாத்திருக்கீங்களா?"

சென்னிமலை முட்டை அட்டைகளை இறக்கி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஆசை தெரிந்தது. என்ன ஆசை என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

"பாத்துப்போட்டேனுங்க அக்கா. ஊட்ல அல்லாரும் உக்காந்து பாத்தமுங்க. அருமைங்க."

"அய்யோ, பாக்கலீன்னா பாக்கலீன்னே சொல்லுங்க. எனக்கு அதுதானுங்க வேணும்."

"அட, நீங்க சொல்லி நாங்க பாக்காம இருப்பமுங்களா?"

"நான் உங்ககிட்ட சொல்லவே இல்லீங்களே!"

"சொன்னாத்தானுங்களா?" என்றார் சென்னிமலை, மனசு கொஞ்சம் நொந்துபோய்.

ரூத்துக்குச் சபலம் தட்டியது. ஒருவேளை நிஜமாகவே முழுக்கப் பார்த்திருப்பாரோ? "அப்ப சொல்லுங்க, பூட்டுன ஊட்ல மீட்டரு ஓடுச்சே. உள்ள என்னதான் இருந்துச்சு?"

சென்னிமலை ஒரு நிமிஷம்தான் யோசித்தார். "குஞ்சு பொரிக்கிற மிசினுங்க. ராப்பகலா ஓடுனா மீட்டரு ஓடத்தானுங்களே செய்யும்?"

அடுத்து வள்ளியாத்தாள். ஊரில் நாலு தோட்டம் உள்ளவர், ரொட்டி வாங்க வந்தவர். அவரும் பார்த்துவிட்டாராம். உள்ளே ஆள் யாருமில்லை, போர் மோட்டாரை அமத்தாமல் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அதுதான் முடிவாம். "எங்க தோட்டத்துலயும் ஒருக்கா அப்பிடி ஆச்சு கண்ணு. தண்ணி ரோட்டு வரைக்கும் போயிருச்சு" என்று ஆதாரமும் சொன்னார். ரூத் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை விளக்கினாள். பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் தொடர் பிழைக்கும் என்றாள். வள்ளியாத்தாள் கையை விடுவித்துக்கொண்டார்.

"பொய்யெல்லாம் எழுதச் சொல்லாதே அம்மணி. நீ ஆசப்பட்டுச் சொன்னதைப் பாக்கலீன்னு கையெழுத்துப் போட்டுப்போட்டு, நாளைக்கு உன்ற மூஞ்சில நான் எப்பிடி முழிக்கறது?"

பேக்கரிக்கு வந்தவர் போனவர் எல்லாரும் பார்த்திருந்தார்கள். பஸ் கண்டக்டர் இரண்டு முறை பார்த்திருந்தார். ரூத் கடைசி நம்பிக்கையாகச் சபையைப் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆயர் ஜெரால்டிடம் கேட்டாள். ஆண்டவருடைய ஊழியர் பொய் சொல்லமாட்டார் என்ற தைரியம். அவர் பார்த்தேன் என்றும் சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. "ஆழமான தொடருங்க அம்மா" என்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கத் தலைப்பே 'நிற்காத மீட்டர்' என்று இருந்தது. பூட்டிய வீட்டுக்குள் இருப்பவர் யாரென்று நாம் அறிவோம் அல்லவா என்று அவர் கேட்க, சபை முழுக்க ஆமென் சொன்னது. ரூத் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மெய்யாகவே தெரியாது.

இப்படியாக ஒரு மாத அலைச்சலில் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சான்று. அதைக் கொடுத்தவன் பிராங்க். பெண்டாட்டியிடம் மரியாதை பார்த்துப் பொய் சொல்லும் பழக்கம் அவனுக்கு இல்லை.

"எனக்கு எங்க நேரம்? ஒரு நாளும் பாக்கல. எங்க போடோணும் கையெழுத்து?" என்று மாவுக் கையோடு போட்டுக் கொடுத்தான்.

அன்புச்செல்வி அதை வாங்கிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தாள். "ஊட்டுக்காரர் சான்று செல்லாதுங்க. சம்சாரம் சொன்னதைப் பாக்காம இருக்கறது அவியளுக்கு இயல்பு. அதைச் சாட்சியா எடுத்துக்க முடியாதுங்க."

ஆனாலும் வாரியம் சும்மா இருக்கவில்லை. ஒரே ஊரில் ஒரு தொடருக்கு இவ்வளவு பேச்சா என்று விசாரணைக் குழு ஒன்று ஜீப்பில் வந்து இறங்கியது. குழு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காப்பி வந்தது, பிறகு முறுக்கு வந்தது, அதற்குப் பிறகு கேள்வி கேட்கக் குழுவுக்கே கூச்சமாகிவிட்டது. பார்த்தீர்களா என்று கேட்பதற்குப் பதில், பார்த்திருப்பீர்களே என்று கேட்டார்கள். எல்லாரும் பார்த்திருந்தார்கள். போர்டு வைக்காத ஒரு முட்டுச்சந்தில் டிவியும் போனும் இல்லாத ஒரு பெரியவர்கூட, போன வாரம் கொஞ்சம் இழுவையாக இருந்தது என்று விமர்சனம் சொன்னார்.

கணினி மட்டும் அடம்பிடித்தது. அந்தத் தொடரை மண்டலம் முழுக்க ஒரே ஒரு போனில்தான் பார்த்திருக்கிறார்கள் என்று அது காட்டியது. கோவிந்தராஜுலு அதைக் கண்டு பதறவில்லை, நெகிழ்ந்துபோனார். "ஒரே போனைச் சுத்தி ஊரே உக்காந்து பாத்திருக்குதுங்க. இந்த ஒத்துமையை வேற எங்க பாக்க முடியும்?" என்று குறிப்பு எழுதினார். உடனே வெற்றி விழாவுக்கு மண்டபம் பிடிக்கச் சொன்னார்.

விழா அமர்க்களமாக நடந்தது. குத்துவிளக்கு, பொன்னாடை, வாரியப் பாட்டு எல்லாம் முடிந்து கோவிந்தராஜுலு மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! ஒரு தொடரை யாரும் பரிந்துரைக்கலீன்னா, மக்களுக்கு அது வேண்டாமுன்னு அர்த்தம். அதை நாம நீக்கிப்போடுவோம். எல்லாரும் பாத்துட்டாங்கன்னா, நம்ம நோக்கம் நிறைவேறிப்போச்சு. அப்பவும் நீக்கிப்போடுவோம். இந்த ரண்டு வழியிலயும் நம்ம வாரியம் ஒருநாளும் தவறுனதில்லை! இன்னைக்கு 'நாலாம் நம்பர் மீட்டர்' மக்களைச் சேர்ந்துருச்சு. ஆகவே இன்று மாலையோட அது வெற்றிகரமா நீக்கப்படுது!"

கைதட்டல் காதைப் பிளந்தது. சென்னிமலை எழுந்து நின்றே தட்டினார்.

இந்த வெற்றிக்குக் காரணமான திருமதி ரூத் தொடரைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தார்கள். ரூத் மேடையேறினாள். "நான் இன்னும் முழுசாப் பாக்கலீங்க" என்றாள்.

வள்ளியாத்தாள் பக்கத்திலிருந்தவரிடம், "பாவம், கடைல ஓய்வே இல்லையாட்ட இருக்குது" என்றார். அன்புச்செல்வி கடமை தவறாமல் குறித்துக்கொண்டாள். மண்டலத்தில் அந்தத் தொடரைப் பார்க்காத ஒரே நபர், திருமதி ரூத்.

கூட்டம் கலைந்ததும் ரூத் கோவிந்தராஜுலுவைத் தொடர்ந்து அலுவலகத்துக்கே போய்விட்டாள். வெட்கம் மானம் பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

"மிச்சப் பாகத்தை ஒருதாட்டி காட்டுங்க சார். கதவத் தட்டக் கையை ஓங்குன ஆளு அப்பிடியே நிக்கறாருங்க. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

"அது நீக்குன தொடரை வெக்கற காப்பறைக்குப் போயிருச்சுங்கம்மா. வாரியத்து மேல பற்று உள்ளவங்களுக்கு மட்டுந்தான் அங்க அனுமதி." கோவிந்தராஜுலு குரலைத் தாழ்த்தினார். "நம்ம 'கோப்பு பேசுகிறது' பாத்தீங்களா? வாரியத்தோட வரலாறு. நூறு பாகம். நான்தான் தயாரிப்பு."

ரூத் அவர் முகத்தைப் பார்த்தாள். பாவம், அதிலும் ஆசை இருந்தது. இத்தனை நாள் யார் யாரையோ மனசுக்குள் திட்டியவள், இப்போது அவர்கள் எல்லாரையும் ஒரே நொடியில் புரிந்துகொண்டாள்.

"பாத்துப்போட்டேனுங்க சார். அருமைங்க."

"முடிவு எப்படீங்க இருந்துச்சு?" என்று முன்னால் சாய்ந்தார் அவர்.

நூறு பாகம் கோப்பைப் பற்றி எடுத்தால் முடிவு என்னவாக இருக்கும்? ரூத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை. மனசில் கிடந்ததுதான் வாயில் வந்தது. "பூட்டுன ஊட்டுக்குள்ள ஒரு பொம்பள இருந்தாங்க சார். அவங்களைத் தேடி ஆரும் வாரதில்லை. வெளக்கு எரிஞ்சா மீட்டரு ஓடும், மீட்டரு ஓடுனா கணக்கெடுக்க ஒரு ஆளாச்சும் வாசலுக்கு வருமில்லீங்களா? அந்தக் காலடிச் சத்தத்தைக் கேக்கறதுக்குத்தான் ஒத்தை பல்பை அமத்தாமயே வெச்சிருந்தாங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கே திக்கென்றது. கோவிந்தராஜுலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த எடத்துலதானுங்கம்மா எனக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு" என்றார்.

மறுநாள் காலைக்கு அனுமதி கிடைத்தது. டிவியின் பிளாஸ்டிக் தாளை உரித்தார்கள். அன்புச்செல்வி நடுநிலை கெடாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று நாற்பத்தொன்றாம் பாகத்தைப் போட்டாள். வாரியச் சின்னம் வந்தது, வாரியப் பாட்டு வந்தது. அதன்பிறகு திரை கறுப்பாகவே இருந்தது. அடுத்த பாகமும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். கடைசிப் பாகத்தின் கடைசி நொடிவரை சின்னம், பாட்டு, கறுப்பு.

"ஏனுங்க, ஒண்ணுமே இல்லையே!" என்று ரூத் கத்தினாள்.

"சரிபாத்துத்தானுங்க வாங்குனோம்" என்றாள் அன்புச்செல்வி, திரும்பாமலே. "ஒவ்வொரு பாகமும் இத்தனை நிமிசம் இருக்கோணும்னு விதி. கடியாரம் வெச்சுப் பாத்தோம். ஒரு நிமிசம் கொறையலீங்க."

எடுத்தவர்கள் நாற்பதோடு கடையைக் கட்டிவிட்டார்கள். பார்க்கப்போவது யார் என்ற தைரியம்தான். ரூத் அங்கேயே அழுதுவிட்டாள். பஸ் ஏறிய பிறகும் அழுகை நிற்கவில்லை. பக்கத்து சீட்டு அம்மாள் என்ன ஏது என்று விசாரித்தார். ஒரு தொடர் முடியவில்லை என்றாள். எந்தத் தொடர் என்று கேட்டுவிட்டு, "அதுவா, நானும் பாத்தேனுங்க" என்று அந்த அம்மாள் ஆறுதல் சொன்னார்.

அவள் வந்து சேர்ந்தபோது பேக்கரியில் ஈ ஓட்டும் நேரம். பிராங்க் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"என்ன ஆச்சு? அந்த ஊட்டுக்குள்ள ஆருதான் இருந்தாங்க?"

இத்தனை நாளில் அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டவர் யாருமில்லை. எல்லாரும் பதில்தான் சொல்லியிருந்தார்கள். ரூத் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பெண்ணைப் பற்றியும் அணையாத பல்பைப் பற்றியும் சொன்னாள். பிராங்க் தாடையைச் சொறிந்தபடி கேட்டான்.

"நெசமாவே அப்படித்தான் முடிஞ்சுதா?"

"இல்லீங்க. அவிய முடிக்கவே இல்லை. இது நானாச் சொன்னது."

"அதானே பாத்தேன்" என்ற பிராங்க், நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "சரி, மொதல்ல இருந்து சொல்லு. நான்தான் ஒண்ணுமே பாக்கலையே."